பிழைபடக் கூடியதே கணினி

1825ஆம் ஆண்டில் புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு பஞ்சாங்கக் கணிதர், அவ்வாண்டு மே 31ஆம் நாளுக்கும் ஜூன் 1ஆம் நாளுக்கும் இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தை ஜான் வாரன் என்பவருக்குக் கணித்துக் காட்டினார். தரையில் வைத்த சோழிகளும், சொற்களாகவும் அசைகளாகவும் நெட்டுருவாக்கி வைத்திருந்த அட்டவணைகளுமே அவருடைய கருவிகள். வாரன் முன்பு சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர். இந்தியக் காலக்கணிப்பு முறைகளைத் தொகுத்துக் ‘கால சங்கலிதம்’ என்னும் பெருநூலை அவ்வாண்டிலேயே சென்னையில் அச்சிட்டவர். கணித்துக் காட்டியவர் வானியல் கோட்பாடு எதையும் அறிந்தவரல்லர் என்று அவர் பதிவு செய்தார். ஆயினும் கிரகணத்தின் தொடக்கத்துக்கு அவர் சொன்ன நேரம் 4 நிமிடமே வேறுபட்டது. நடுப்பொழுது 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. 1952இல் ஓட்டோ நாய்கெபவர் தமிழ் வானியலைப் பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரையால் இந்நிகழ்வு அறிவியல் வரலாற்றாளர்களின் கவனத்துக்கு வந்தது. பாபிலோனிய எண்முறைகளின் தொடர்ச்சி தென்னிந்தியாவில் உயிரோடு இருந்தது என்பதே நாய்கெபவரின் வியப்பு. அதே சோழிகளிடம் வேறொரு வினாவையும் கேட்கலாம்.

அவை கணினியா? கணிதர் எழுந்து போனபின், வீட்டுக் குழந்தைகள் அதே சோழிகளை அள்ளிப் பல்லாங்குழி ஆடியிருக்கக்கூடும். ஆட்டத்தின் நடுவில் ஏதோவொரு கணத்தில், சற்றுமுன் கிரகணத்தைக் குறித்த அதே எண்ணிக்கையில் அவை தற்செயலாக அமைந்திருக்கவும் கூடும். எடை, இடம், அசைவு என இயற்பியல் அளக்கும் எதிலும் அவ்விரு கணங்களுக்கும் வேறுபாடு இராது. ஒன்றில் கிரகணம் கணிக்கப்பட்டது, மற்றதில் கணிக்கப்படவில்லை என்று எல்லோரும் தயங்காமல் சொல்வோம். எதைக் கண்டு அப்படிச் சொல்கிறோம் என்பதே ‘எந்த இயற்பியல் அமைப்பு கணினி ஆகிறது’ என்னும் மெய்யியல் வினாவின் உள்ளடக்கம். கணினி அறிவியல் துறைகள் இவ்வினாவை மெய்யியல் துறைக்குத் தள்ளிவிடுகின்றன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் மெய்யியல் துறைகளோ, சில விலக்குகள் நீங்கலாக, அதனை மனம் பற்றிய பாடத்தின் கடைசி அலகில் ஒரு பத்தியாக முடித்துவிடுகின்றன.

வினாவின் கூர்மையை உணர்த்தியவர்கள் இருவர். 1988இல் வெளிவந்த தம் நூலின் பின்னிணைப்பில் ஹிலரி பட்னம், எந்தச் சாதாரணப் பொருளும் எந்த முடிவுறு நிலைப்பொறியையும் நிறைவேற்றுகிறது என்று வாதிட்டார். வாதம் எளியது. ஒரு கருங்கல்லை எடுத்துக்கொள்ளலாம். வெயில், காற்று, ஈர்ப்பு ஆகியவற்றால் அதன் நுண்நிலை ஒவ்வொரு கணமும் மாறிக்கொண்டே இருக்கிறது. எந்நிலையும் மீண்டும் அப்படியே வருவதில்லை. பகல் 12 மணி முதல் 12:07 வரை நிமிடத்துக்கு ஒன்றாக அதன் நிலைகளைக் குறித்துக்கொண்டு, முதலாவதை ‘அ’ என்றும், இரண்டாவதை ‘ஆ’ என்றும், மூன்றாவதை மீண்டும் ‘அ’ என்றும் பெயரிட்டால், அந்தக் கல் ‘அ-ஆ-அ-ஆ’ என மாறும் பொறியை நிறைவேற்றிவிட்டது. பெயரிடும் உரிமைக்கு வரம்பில்லை என்றால் எந்த நிரலையும் எந்தக் கல்லிலும் வாசிக்கலாம். ஜான் சர்ல் 1990இல் அமெரிக்க மெய்யியல் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில் இதையே வேறு திசையிலிருந்து சொன்னார். அவருடைய முதுகுக்குப் பின்னாலிருக்கும் சுவரில் எத்தனையோ மூலக்கூறுகள் அசைகின்றன. அவற்றுள் ஏதோவோர் அசைவுக் கோலம், அந்நாளில் பரவலாக இருந்த வேர்ட்ஸ்டார் என்னும் சொற்செயலியின் அமைப்போடு ஒத்திருக்கும். ஆகவே சுவரும் வேர்ட்ஸ்டாரை இயக்குகிறது. சர்லின் முடிவு: கணிப்பு என்பது பொருளின் உள்ளே இருக்கும் பண்பன்று, பார்ப்பவர் ஏற்றிச் சொல்வது.

இதைக் கேட்டவுடன் சிரித்துவிட்டு நகர்வது எளிது. ஆனால் இதனால் அடிபடுவது சிறிதன்று. மூளை ஒரு கணினி என்று ஒரு துறையே நம்பிக்கொண்டிருக்கிறது. உயிரணு கணிக்கிறது, காடு கணிக்கிறது, பேரண்டமே கணித்துக்கொண்டிருக்கிறது என்றெல்லாம் ஆய்வுத்திட்ட முன்மொழிவுகளின் முதற்பக்கங்கள் பேசுகின்றன. சுவரும் கணினி என்றால் இவ்வாசகங்கள் பொய்யாவதில்லை. அதைவிட மோசமாக, எதையும் சொல்லாதவை ஆகின்றன. எல்லாம் கணினி என்று தொடங்கும் முன்மொழிவு, தன் ஆய்வுப்பொருளைத் தானே கரைத்துவிட்டுத்தான் நிதி கேட்கிறது.

பட்னத்துக்கு டேவிட் சால்மர்ஸ் 1996இல் தந்த மறுமொழி பாடத்திட்டங்களில் இடம்பெறுவது. பெரும்பாலும் அத்துடன் விவாதம் முடிந்ததாகவும் கருதப்படுகிறது. கல்லின் ஏழு நிமிட வரலாற்றுக்குப் பெயர் சூட்டுவது நிறைவேற்றம் ஆகாது என்றார் அவர். பொறி என்றால், நடந்தது மட்டுமன்றி நடந்திருக்கக்கூடியதும் ஒத்துவர வேண்டும். ‘இந்த நிலையில் இருக்கையில் வேறு உள்ளீடு வந்திருந்தால் அந்த நிலைக்குப் போயிருக்கும்’ என்னும் நிபந்தனைகள் அத்தனையும் பொருளின் காரணகாரிய அமைப்பிலேயே பதிந்திருக்க வேண்டும். சோழிகளுக்கும் இது பொருந்தும். வேறோர் ஆண்டின் கிரகணத்தைக் கேட்டிருந்தால் கணிதரின் விரல்கள் வேறு எண்ணிக்கையில் சோழிகளை வைத்திருக்கும். பல்லாங்குழியில் விளைந்த தற்செயலுக்கு அந்த ‘இருந்தால்’ இல்லை.

சரியான மறுமொழிதான், ஆனால் போதாது. ‘இருந்தால்’ என்னும் நிபந்தனை நிலாவுக்கும் பொருந்துகிறதே! நிலாவின் வேகம் சற்று வேறாக இருந்திருந்தால் அது புவியின் நிழலுக்குள் வேறு நேரத்தில் நுழைந்திருக்கும். எந்தச் சமன்பாடுகள் அதன் இயக்கத்தை விவரிக்கின்றனவோ அவற்றின் காரணகாரிய அமைப்பு நிலாவிடம் பிசிறின்றி இருக்கிறது. அப்படியானால் அன்றிரவு இரு கணினிகள் ஒரே கணக்கைப் போட்டன என்று சொல்ல நேரும்: தரையில் சோழிகள், வானில் நிலா. ஒவ்வோர் அமைப்பும் ஏதோவொரு கணிப்பையாவது நிறைவேற்றுகிறது என்பதைச் சால்மர்ஸ் மறுக்கவில்லை. எல்லாக் கணிப்பையும் நிறைவேற்றவில்லை என்பதே அவருடைய கூற்று. கல் கணினி ஆகிவிடாமல் அவர் காத்தார். வானத்தைக் காக்கவில்லை.

நிலாவையும் சோழிகளையும் பிரிப்பது அந்த 52 நிமிடங்கள்தான். கிரகணத்தின் முடிவு கணித்ததற்கும் கண்டதற்கும் இடையே 52 நிமிடம் பிசகியபோது, நிலா பிழை செய்தது என்று வாரனும் சொல்லவில்லை, கணிதரும் சொல்லியிருக்கமாட்டார். பிழை சோழிகளின் பக்கத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கத்திலும் இருவகைப் பிழைகள் இருந்திருக்கலாம் என்பதே கவனிக்க வேண்டியது. ஐந்து சோழி வைக்க வேண்டிய இடத்தில் கை தவறி நான்கு வைத்திருந்தால் அது கணிப்பின் பிழை. சோழி ஒவ்வொன்றும் விதிப்படியே வைக்கப்பட்டு, அட்டவணையின் எண்களே பழமைப்பட்டுப் போயிருந்தால் அது கோட்பாட்டின் பிழை, கணிப்போ பிழையற்றது. உலகத்தைப் பற்றி முற்றிலும் தவறான விடையைத் தந்துகொண்டே ஓர் அமைப்பு சரியாகக் கணித்திருக்கக்கூடும். தற்செயலாக உண்மையான விடையைத் தந்துவிட்டுத் தவறாகக் கணித்திருக்கவும் கூடும். இந்த இரட்டைத்தன்மை நிலாவிடம் இல்லை. நிலா செய்வதெல்லாம் நிலாவின் விதிக்கு உட்பட்டதே; விதியிலிருந்து அது விலகியது என்று தெரிந்தால் மாற்றப்பட வேண்டியது விதி.

ஆகவே அளவுகோலை இப்படி வைக்கலாம். ஓர் இயற்பியல் அமைப்பு எப்போதும் இயற்கை விதிகளுக்கு உட்பட்டே நடக்கிறது. அவ்வாறு நடந்துகொண்டே, வேறொரு நெறியின்படி அது தவறியிருக்கவும் இடமுண்டு என்றால் மட்டுமே அதனைக் கணினி என்று அழைப்பதில் பொருளுண்டு. குவால்ட்டியெரோ பிச்சினினி போன்றோர் தவறான கணிப்புக்குக் கொடுக்கும் முக்கியத்துவம் இதை ஒட்டியதே. எனினும் அவர்களிடம் பிழை என்பது ஒரு நல்ல கோட்பாடு விளக்க வேண்டிய பல செய்திகளுள் ஒன்றாகவே நிற்கிறது. அதனை வாசற்படியிலேயே வைப்பது நல்லது.

சோப்புப் படலத்தைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே சில முளைகளை நட்டுச் சோப்புநீரில் முக்கி எடுத்தால், முளைகளை இணைக்கும் படலங்கள் தோன்றும். எல்லாப் புள்ளிகளையும் மிகக் குறைந்த மொத்த நீளத்தில் இணைக்கும் வலையைக் காண்பது கணினிகளுக்குக் கடினமான கணக்கு. சோப்பு அதை நொடியில் தீர்த்துவிடுகிறது என்ற பேச்சு வெகுநாளாக உண்டு. ஸ்காட் ஆரன்சன் கண்ணாடியும் பாத்திரம் கழுவும் சோப்பும் வாங்கி இதைத் தாமே செய்து பார்த்தார். முளைகள் கூடக்கூடப் படலம் மிகக் குறைந்த நீளத்துக்குப் போகாமல் அருகிலிருந்த ஒரு சிறு பள்ளத்திலேயே தங்கிவிட்டது. கணிப்புச் சிக்கன்மை பற்றிய விவாதத்துக்கு இது நல்ல பாடம். இங்கே வேண்டியது வேறொரு சிறு கேள்வி: படலம் தவறு செய்ததா? மேற்பரப்பு இழுவிசை தன் வேலையைக் குறைவின்றிச் செய்தது. ‘மிகக் குறைந்த நீளம்’ என்பது ஆரன்சன் கேட்ட கேள்வி. சோப்பு அதைக் கேட்டதில்லை. அந்தக் கேள்வியும், அதற்காக முளைகளை நட்ட ஏற்பாடும், விடையை அளந்து படிக்கும் முறையும் சேர்ந்த பிறகுதான் ‘தவறான விடை’ என்னும் சொல்லுக்கே இடம் வருகிறது. கழுவுதொட்டியில் இயல்பாக மிதக்கும் நுரைக்கு அந்தப் பெருமை கிடையாது.

இந்தியத் துறைமுகங்களோடு பிணைந்த இன்னொரு கருவி இதை மேலும் தெளிவாக்கும். கடல் ஓதம் நிலா, ஞாயிறு ஆகியவற்றின் ஈர்ப்பால் எழுவது. எந்தத் துறைமுகத்திலும் அது பல சீரான அலைவுகளின் கூட்டுத்தொகை. நிலாவின் முதன்மை அலைவுக்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம், ஞாயிற்றினதற்கு 12 மணி. இவற்றோடு ஒரு நாள் அளவில் திரும்பும் அலைவுகளும், ஹூக்ளி போன்ற ஆற்றுமுகங்களில் ஆழம் குறைவதால் எழும் குறு அலைவுகளும் சேரும். ஒரு துறைமுகத்தில் நீண்டகாலம் நீர்மட்டத்தை அளந்தால் ஒவ்வோர் அலைவின் உயரமும் தொடக்க நிலையும் தெரிந்துவிடும். அதன்பின் வருங்காலத்து ஓதத்தைச் சொல்வது வெறும் கூட்டல்தான். ஆனால் ஆண்டு முழுவதற்கும் கூட்டினால் மனித உழைப்பு மாளாது. பின்னாளில் கெல்வின் பிரபு என்றழைக்கப்பட்ட வில்லியம் தாம்சன், 1872–73இல் இக்கூட்டலைச் செய்ய 10 அலைவுகளுக்கான ஓர் இயந்திரத்தை உருவாக்கினார். அவ்வழியில் எட்வர்ட் ராபர்ட்ஸ் வடிவமைத்து, இந்திய அரசுக்காக லண்டனில் 1879இல் கட்டப்பட்ட இயந்திரம் 20 அலைவுகளைக் கையாண்டது. அது லண்டனிலேயே இயங்கிற்று; அட்டவணைகள்தாம் கடல் தாண்டி வந்தன.

அதன் உள்ளமைப்பு பார்க்கத் தகுந்தது. ஒவ்வோர் அலைவுக்கும் ஒரு பற்சக்கரம். சக்கரத்தோடு சுழலும் வளைகரத்தின் நுனியில் மேலும் கீழும் ஏறியிறங்கும் ஒரு கப்பி. ஒரு முனை கட்டப்பட்ட நீண்ட கம்பி, எல்லாக் கப்பிகளின் மேலும் கீழுமாக மாறி மாறிச் சென்று, மறுமுனையில் ஓர் எழுதுமுனையைத் தாங்கும். சக்கரங்கள் சுழல, கப்பிகள் தத்தம் வேகத்தில் ஏறியிறங்க, கம்பி அவற்றின் கூட்டுத்தொகையைத் தானே எடுத்து உருளைத்தாளில் கோடாக வரையும். ஒரு துறைமுகத்தின் ஓராண்டு ஓதம் சில மணி நேரத்தில் வரையப்பட்டுவிடும். அதில் மின்சாரமும் இல்லை, இரும எண்ணும் இல்லை, நிரலும் இல்லை. ஆயினும் அது கணித்தது என்பதை மறுக்க எவருக்கும் மனம் வராது.

பம்பாய்க் கடலோ கணிக்கவில்லை. அந்த அலைவுகள் அத்தனையும் கடலில் உண்மையாகவே இருக்கின்றன; இயந்திரத்தில் இருப்பவை பித்தளையில் அமைந்த பிரதிகளே. அமைப்பொற்றுமைதான் அளவுகோல் என்றால் கடலே முதற்கணினி ஆக வேண்டும். ஆனால் இயந்திரம் தவறலாம். கம்பி நீளலாம், கப்பியில் வழுக்கலாம். வானத்தின் வேகங்களைப் பற்களின் எண்ணிக்கையாக மாற்றும்போது முழு எண்களின் விகிதத்தில் அடக்க வேண்டியிருப்பதால், மிகச் சிறு பிசகு கட்டுமானத்திலேயே உறைந்திருக்கும். இவை கணிப்பின் பிழைகள். புயல் அடித்து, அட்டவணை சொன்னதைவிடக் கடல் பல அடி உயர்ந்தால், அது இயந்திரத்தின் பிழை ஆகாது. காற்றைச் சேர்க்காத கோட்பாட்டின் எல்லை. சோழிகளிடம் கண்ட அதே இரட்டைத்தன்மை. துறைமுக அதிகாரி இவ்விரு பிழைகளையும் குழப்பிக்கொண்டால், கம்பியை மாற்ற வேண்டிய நாளில் மாறிலிகளைத் திருத்துவார். மாறிலிகளைத் திருத்த வேண்டிய நாளில் கம்பியை மாற்றுவார்.

டொமினிக் ஹார்ஸ்மன், சூசன் ஸ்டெப்னி, ராப் வாக்னர், விவ் கெண்டன் ஆகிய நால்வரும் 2014இல் எழுதிய கட்டுரை இங்கே உதவுகிறது. கருவியின் இயற்பியலை நாம் இன்னும் நம்பவில்லை என்றால் அதனை இயக்குவது சோதனை. நம்பத் தொடங்கியபின் அதையே இயக்கி நமக்குத் தெரியாத விடையைப் பெறுவது கணிப்பு. புதிதாகக் கட்டிய ஓத இயந்திரத்தைக் கடந்த ஆண்டின் ஓதத்தை வரையச் செய்து ஒப்பிட்டுப் பார்க்கும்போது சோதிக்கப்படுவது இயந்திரம். அடுத்த ஆண்டுக்கு வரையச் சொல்லும்போது அது கணினி. பொருள் மாறவில்லை, அதனோடு நம் உறவு மாறியிருக்கிறது. இன்று குவாண்டம் கருவிகளைப் பற்றிய செய்திக்குறிப்புகளில் இந்த எல்லைக்கோடு அடிக்கடி அழிந்துபோகிறது. தன் நடத்தையைத் தவிர வேறெதையும் விடையாகத் தராத ஒரு கருவியின் சாதனையைக் ‘கணித்தது’ என்று எழுதுமுன் ஓர் இதழாளரோ ஆய்வாளரோ சற்று நிற்கலாம்.

பிழை மட்டும் போதுமா? வெப்பமானியும் தவறுகிறது, கடிகாரமும் தவறுகிறது. அவற்றை யாரும் கணினி என்பதில்லை. நியாயமான தடை. வெப்பமானியின் நெறி ஒரே பொருளோடு கட்டுண்டது: அது வெப்பத்தைத் தொட்டு வெப்பத்தைச் சொல்ல வேண்டும். ஓத இயந்திரத்தின் நெறி கூட்டல். கூட்டலைப் பித்தளையிலும் செய்யலாம், மின்னழுத்தத்திலும் செய்யலாம், தாளில் எழுதியும் செய்யலாம். எந்தப் பொருளில் செய்தாலும் சரியும் தவறும் ஒன்றே. ‘கம்ப்யூட்டர்’ என்னும் ஆங்கிலச் சொல் முதலில் ஒரு வேலைப்பெயராக இருந்ததை இங்கே நினைவுகூரலாம். இந்தியப் பெரும் முக்கோண அளவைத் துறையில் கல்கத்தாவின் தலைமைக் கணிப்பராக இருந்த ராதாநாத் சிக்தரின் பதவிப்பெயர் அதுவே. பதினைந்தாம் சிகரம் என்று குறிக்கப்பட்டிருந்த எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என 1856இல் அறிவிக்கப்பட்டதற்குப் பின்னே அவருடைய கணக்கு இருந்தது. கிரீன்விச்சின் கடற்பயணப் பஞ்சாங்கத்துக்கு இரு கணிப்பர்கள் தனித்தனியே ஒரே கணக்கைப் போட, மூன்றாமவர் ஒருவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். அந்த ஒப்பீட்டாளரின் நாற்காலி, கணிப்பு என்பது எத்தகைய செயல் என்பதைப் பல வரையறைகளைவிட நன்றாகச் சொல்கிறது.

சர்ல் இன்னும் விடமாட்டார். நெறி எங்கே இருக்கிறது, பார்ப்பவர் மனத்தில்தானே? அப்படியானால் கணிப்பும் பார்ப்பவரின் ஏற்றம்தான் என்பார். பாதி உண்மை. நெறி கப்பியின் அணுக்களில் எழுதப்படவில்லை. ஆனால் பார்ப்பவர் நினைத்தபடியெல்லாம் மாற்றக்கூடியதாகவும் அது இல்லை. பணமும் சட்டமும் மனிதர் இல்லாமல் இல்லை. ஆயினும் ஒருவர் தம் கையிலுள்ள பத்து ரூபாய்த் தாளை நூறு என்று கருதிவிட்டால் அது நூறாகாது. ஓத இயந்திரத்தின் நெறி அதன் பற்களின் எண்ணிக்கையிலும், வரைபடத்திலும், அட்டவணையை நம்பிக் கப்பலை உள்ளே கொண்டுவரும் வழிகாட்டியின் நடைமுறையிலும் ஊன்றி நிற்கிறது. சுவருக்கு அப்படி எதுவுமில்லை. சுவர் வேர்ட்ஸ்டாரைத் தவறாக இயக்கியது என்று சொல்லக்கூடிய ஒரு நிலைமையைக்கூடச் சர்லால் காட்ட முடியாது. ஒவ்வொரு பிசகின்போதும் பெயர்களை மாற்றிச் சூட்டிவிடலாம். அவ்வாதத்தின் வலிமையாகத் தோன்றிய இதுவே அதன் ஓட்டை.

மூளையைப் பற்றி ஒரு சொல். இந்த அளவுகோல் மூளையை விலக்குவதில்லை. இதயம் தவறலாம், சிறுநீரகம் தவறலாம். அவற்றின் நெறியை எவரும் எழுதித்தரவில்லை, உயிரின் வரலாறு தந்தது. அதுபோல் நரம்பணுக்களுக்கும் பொருள்சாரா நெறி ஒன்று உண்டு என்று காட்டினால் மூளை கணிக்கிறது எனலாம். காட்ட வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

இவையெல்லாம் கருத்தரங்கு அறைக்குள் அடங்கிவிடக்கூடியவை என்று நினைத்தால், இந்தியச் சட்டப்புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் கணினியை வரையறுக்கிறது: மின்னணு, காந்தம், ஒளியியல் அல்லது பிறவகையான அதிவேகத் தரவுச் செயலாக்கக் கருவி, மின்னணு, காந்த அல்லது ஒளியியல் துடிப்புகளைக் கையாண்டு ஏரண, எண்கணித, நினைவகப் பணிகளைச் செய்வது. பொருளையும் வேகத்தையும் கொண்டே கட்டப்பட்ட வரையறை இது. சோழிகளும் ஓத இயந்திரமும் இதற்கு வெளியே நிற்கும். அதனால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அதே சட்டம் சாட்சியச் சட்டத்தில் புகுத்திய 65ஆ பிரிவு, கணினி தந்த வெளியீட்டைச் சாட்சியமாக ஏற்க ஒரு நிபந்தனை விதித்தது: உரிய காலத்தில் கணினி முறையாக இயங்கியிருக்க வேண்டும். இதற்கான சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் அன்வர் வழக்கிலும், மீண்டும் 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கிலும் தீர்ப்பளித்தது. வரையறை எழுதியவர்கள் தவறவிட்டதை நிபந்தனை எழுதியவர்கள் பிடித்திருக்கிறார்கள். முறையாக இயங்கினதா என்று கேட்க முடிந்தால்தான் அது கணினி. கடலைப் பற்றி அப்படிக் கேட்க எந்தச் சட்டமும் முனையாது.

அந்நிபந்தனையை நீக்கினால் நேர்வது என்ன என்பதற்கு இங்கிலாந்து சான்று. அங்கே 1984ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 69ஆம் பிரிவு, கணினி சரியாக இயங்கியதைக் குற்றவழக்கில் மெய்ப்பிக்கக் கோரியது. அது வீண் சுமை என்று கருதி 2000ஆம் ஆண்டில் நீக்கினார்கள். மாறாகக் காட்டப்படும்வரை கணினி சரியே என்ற ஊகம் அதன் இடத்துக்கு வந்தது. அதே ஆண்டுகளில் பிரிட்டிஷ் அஞ்சல் நிலையங்களில் ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள் பரவியது. அது காட்டிய பற்றாக்குறைகளை நம்பி, 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட துணை அஞ்சலதிபர்கள் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன. 2024இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்க வேண்டியதாயிற்று. நீதிமன்றங்கள் அந்தக் கணினியைக் கடலாகப் பாவித்தன: அது காட்டியதை அளவீடாக எடுத்துக்கொண்டு, எதிரே நின்ற மனிதரைப் பிழையாகக் கண்டன.

இந்திய நியாயவிலைக் கடையில் விரல்ரேகைக் கருவி ‘பொருந்தவில்லை’ என்று சொல்லும்போதும் இதே குழப்பம் நிகழ்கிறது. அந்தச் சொல் ஓர் அளவீடாகக் கேட்கிறது, மழை பெய்கிறது என்பது போல. உண்மையில் அது ஒரு கணிப்பின் வெளியீடு: இரு ரேகைப் பதிவுகளின் ஒப்புமைக்கு ஒரு மதிப்பு கணக்கிடப்பட்டு, அது யாரோ நிர்ணயித்த ஒரு வரம்பைத் தாண்டவில்லை. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல் உரியவருடையதாகவே இருக்க, கணிப்பும் விதிப்படி நடந்திருக்க, விடை மட்டும் தவறாக இருக்கலாம். அது புதுச்சேரியின் 52 நிமிடங்களைப் போன்ற பிழை. உணரியோ வலையமைப்போ பழுதுபட்டிருக்கலாம். அது நழுவிய கம்பியைப் போன்ற பிழை. இரண்டில் எது என்று கேட்கும் உரிமை அரிசி வாங்க வந்தவருக்கு இருக்கிறதா என்பது, கணினி என்றால் என்ன என்பதற்குக் கடைக்காரரும் அரசும் மனத்துக்குள் வைத்திருக்கும் விடையைப் பொறுத்தது. விடை ‘மின்னணுப் பெட்டி’ என்றால் அவருக்கு அக்கேள்வி தோன்றவே தோன்றாது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, பழைய நிபந்தனையைத் தக்கவைத்துச் சான்றிதழுக்கு ஒரு படிவமும் தந்திருக்கிறது. இரு பகுதிகள்: ஒன்றில் சாட்சியத்தை முன்வைப்பவர் கையொப்பமிட வேண்டும், மற்றதில் வல்லுநர். கருவி எத்தகையது என்று குறிக்கக் கட்டங்கள் உள்ளன. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதைக் கணக்கிட்ட வழிமுறையையும் எழுத இடம் உண்டு. ஹாஷ் மதிப்பு நல்ல ஏற்பாடு. ஆனால் கோப்பு பின்னர் மாற்றப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும். தவறாகக் கணித்த எண்ணின் ஹாஷும் அப்படியே பொருந்தும். கணினி முறையாக இயங்கியது என்பதோ அச்சிட்ட வாசகமாகவே படிவத்தில் இருக்கிறது. கையொப்பமிடுபவர் அதற்கென எதையும் எழுத வேண்டியதில்லை. அவ்விடத்தில் மூன்று வரிகளைச் சேர்க்கக் கோருவது சட்டத்துறைக்கும் கணினி அறிவியல் துறைக்கும் பொதுவான பணியாக இருக்கலாம்: மென்பொருளின் எந்தப் பதிப்பு, எதனோடு ஒப்பிட்டு அது கடைசியாகச் சோதிக்கப்பட்டது, அக்காலத்தில் அதில் அறியப்பட்டிருந்த பிழைகள் எவை. கிரீன்விச்சின் பஞ்சாங்கத்துக்காக இரு கணிப்பர்களின் கணக்குகளை ஒப்பிட்ட ஒப்பீட்டாளர் தம் வேலையாகச் செய்துவந்தது இதைத்தான்.